சுவர் காய்ந்த பிறகுதான் வண்ணம்

எங்கள் வீட்டு வாசலுக்கு முன்பு மூன்று படிகள் இருந்தன. பள்ளிக்கூடம் போகும் நாட்களில் நடுப்படியில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டிக்கொள்வேன். இப்போது ஒன்றரைப் படிதான் மிச்சம். வீடு கீழே இறங்கவில்லை, தெருதான் மேலே ஏறிவிட்டது. சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டிக் கொட்டி, திண்ணையின் மார்பு வரை வந்துவிட்டது சாலை.

வீட்டு முகப்புக்கு வண்ணம் அடித்த கதையைச் சொல்ல வந்தவள் படிக்கட்டில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முகப்பு என்றால் வண்ணம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வண்ண அட்டையைப் புரட்டிப் பார்த்து, பிடித்த நிறத்தில் விரலை வைத்தால் வேலை பாதி முடிந்தது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்காக எங்கள் வீடு எட்டு ஆண்டுகள் வதைபட்டது.

கும்பகோணத்தில், கிழக்கு பார்த்த, நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு எங்களுடையது. தெருப் பக்கம் பதினெட்டடி அகலம், உள்ளே ஆறு மடங்கு நீளம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய ஒன்றரை அடி கனச் சுவர். இரண்டு பக்கமும் திண்ணை, நான்கு தேக்குத் தூண்கள், நிலைவாசலின் இருபுறமும் விளக்கு மாடம். கார்த்திகைக்கு அந்த மாடங்களில்தான் முதல் அகல் ஏற்றுவோம்.

2016 பிப்ரவரி 22 அன்று மகாமகம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருவிழா என்பதால், அதற்கு முந்தைய தை மாதத்தில் ஊரே ஏணியில் ஏறி நின்றது. எந்தத் தெருவில் நடந்தாலும் புது வண்ணத்தின் வாடை. அப்பாவும் ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தார். ஒன்பதே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் காரை உதிர்கிறது என்று நான்கடி உயரத்துக்குச் சிமெண்டு பூசி, அதன் மேல் கல் போலத் தோற்றம் தரும் டைல்ஸ் ஒட்டினார்கள். அதற்கு மேலே பட்டி பார்த்து, அதாவது வெள்ளைப் பசையால் சுவரை வழவழப்பாக்கி, மாம்பழ மஞ்சளில் எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் வண்ணம் இரண்டு கோட். தூண்களுக்கும் கதவுக்கும் பளபளக்கும் பழுப்பு எனாமல். அன்று மாலை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து அப்பா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு கார்த்திகையில், டைல்ஸ் முடியும் இடத்துக்குச் சற்று மேலே, மஞ்சள் வண்ணம் அம்மைக் கொப்புளம் போல உப்பத் தொடங்கியது. ஒன்றை விரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று மாவு கொட்டியது. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் அது மாவில்லை, மயிரிழை போல மெல்லிய உப்பூசிகள். தெருப் பிள்ளைகள் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்புக் கரிக்கிறது” என்று சிரித்தார்கள். 2019-இல் சுரண்டிவிட்டு மறுபடியும் அடித்தோம். இரண்டு மழை தாங்கவில்லை. இம்முறை கொப்புளம் ஆறடி உயரத்துக்கு ஏறியிருந்தது. வாசலில் நின்று அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் சுருங்கும். 2021-இல் அவர் போன பிறகு அம்மா அந்தப் பக்கமே திரும்பாமல் உள்ளே போய்விடுவார். வீட்டின் முகம் கெட்டுப்போனால் வீட்டில் இருப்பவர்களின் முகமும் கூடவே வாடும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

2024 பங்குனியில் ஒரு பழைய கொத்தனாரைத் தேடிப் பிடித்தேன். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இப்போது அரிது. அவர் சிறு வயதில் தன் அப்பாவோடு கோயில் மதில் வேலைகளுக்குப் போனவர். அவரிடம் நான் நீட்டிய முதல் பொருள் வண்ண அட்டை. அவர் அதை வாங்கித் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரிடம் போனார். உள்ளங்கையைச் சுவரில் அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடங்களில் கெட்டியான சத்தம், சில இடங்களில் காலிப் பானையைத் தட்டுவது போல.

“தங்கச்சி, வண்ணத்தைக் கடைசியில் பேசலாம். இந்தச் சுவருக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது? அதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்” என்றார்.

அன்று காலை முழுவதும் நாங்கள் தண்ணீரைத் தேடினோம். ஓட்டு நுனியில் மழைநீரை ஏந்தும் தகரக் கால்வாய் ஓரிடத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அங்கே விழும் நீர் தூணின் அடியில் தேங்கியது. திண்ணைத் தளம் தெருவை நோக்கிச் சரிய வேண்டியது, டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. சுவரை ஒட்டி நான் ஆசையாக அடுக்கி வைத்திருந்த செம்பருத்தித் தொட்டிகளின் கசிவும் நேராகச் சுவருக்குத்தான் போனது. எல்லாவற்றுக்கும் மேலே, உயர்ந்துவிட்ட சாலை. மழை பெய்தால் தெருத் தண்ணீர் எங்கள் சுவரடியில் வந்து நிற்கும். டெல்டா மண் களிமண். வாங்கிய ஈரத்தை லேசில் விடாது.

இதைத்தான் கொத்தனார்கள் ஓதம் ஏறுவது என்கிறார்கள். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். அந்தக் காலத்திலும் இழுத்தது, ஆனால் சுவர் கெடவில்லை. நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புப் பூச்சின் வழியே அந்த ஈரம் வெயிலிலும் காற்றிலும் வெளியேறிவிடும். கூட வரும் உப்பு பூச்சின் மேற்பரப்பில் பூக்கும், பொங்கலுக்கு முன் தட்டிவிட்டு வெள்ளையடித்தால் சரியாகிவிடும். நாங்கள் செய்தது என்ன? ஈரம் வெளியேறும் வாசலை டைல்ஸாலும் சிமெண்டாலும் அடைத்தோம். அடைபட்ட ஈரம் மேலே ஏறியது. மேலே எமல்ஷன் ஒரு தோல் போல மூடியிருந்தது. தோலுக்குப் பின்னால் உப்பு படிகமாகும்போது இடம் போதாமல் தோலைத் தள்ளியது. அதுதான் கொப்புளம். எமல்ஷன் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. அது அந்தச் சுவருக்கு உரியதில்லை.

சித்திரையில் டைல்ஸை உடைத்தோம். பின்னால் இருந்த சிமெண்டுப் பூச்சைக் கொத்தியபோது செங்கல் கறுத்து நனைந்து, நகத்தால் கீறினால் உதிரும்படி இருந்தது. உப்பு ஏறிய காரையை ஆறடி உயரம் வரை அகற்றினோம். நான் குழாயை எடுத்து வந்து சுவரைக் கழுவப் போனேன். கொத்தனார் ஓடிவந்து தடுத்தார். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடியும் செங்கல்லுக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டும், பெருக்கியதை அள்ளித் தூரக் கொட்ட வேண்டும். இரண்டு நாள் விட்டால் புதிதாக வெள்ளை பூத்திருக்கும். மறுபடியும் பெருக்க வேண்டும். நான்கு மாதம் இதுதான் வேலை.

அந்த நான்கு மாதமும் சுலபமாகப் போகவில்லை. தோலுரித்த சுவரோடு வாசல் கிடந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் “பணம் தட்டுப்பாடா?” என்று கேட்டார்கள். “விளக்கு வைக்கிற வாசல் இப்படிக் கிடக்கலாமா?” என்று அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கலங்கினார். நான் வேலை பார்ப்பது திருச்சியில். சனிக்கிழமை வந்து, ஞாயிறு மாலை திரும்புவேன். அந்த இரண்டு நாளில் எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? ஆனாலும் அவசரப்பட்டு ஒன்பது நாளில் முடித்ததன் பலனைப் பார்த்துவிட்டேன். இம்முறை சுவர் சொல்லும் வரை காத்திருப்பது என்று உறுதியாக இருந்தேன்.

காயவிட்ட நாட்களில் மற்ற வேலைகளை முடித்தோம். தகரக் கால்வாயை மாற்றினோம். திண்ணைத் தளத்தின் சரிவைத் தெருப் பக்கம் திருப்பினோம். சாலைக்கும் சுவருக்கும் நடுவே எங்கள் எல்லைக்குள் ஓரடி அகலம் தோண்டி, ஜல்லி நிரப்பி, தேங்கும் நீர் வடிகாலுக்குப் போக வழி செய்தோம். இந்தச் செலவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டைப் பார்த்து யாரும் “அடடா, என்ன அழகான ஜல்லிக்குழி!” என்று பாராட்டப் போவதில்லை. ஆனால் என் கையில் பணம் குறைவாக இருந்து, வண்ணம் அல்லது ஜல்லிக்குழி என்று ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், நான் ஜல்லிக்குழியைத்தான் செய்வேன்.

அந்தக் கோடையில்தான் கதவைச் சுரண்டினோம். 2016-இன் பழுப்புக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே ஒரு நீலம், பிறகு இன்னொரு பச்சை, அடியில் கறுப்பேறிய வார்னிஷ். மரம் அறுத்தால் வளையம் தெரிவது போல, கதவின் ஓரத்தில் எங்கள் குடும்பத்தின் ஆண்டுகள் வரிவரியாகத் தெரிந்தன. பச்சைகளில் ஒன்று என் அத்தையின் கல்யாணத்துக்கு அடித்தது என்று அம்மா அடையாளம் சொன்னார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய கதவையோ ஜன்னலையோ உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால், ஈயம் கலந்த தூசி வீடெங்கும் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. கதவைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய், நனைத்து நனைத்துத்தான் சுரண்டினோம். முகமூடி போட்டுக்கொண்டோம். சுரண்டியதைத் தார்ப்பாயில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்தினோம். என் தங்கையின் பிள்ளைகளை அந்த வாரம் வீட்டுப் பக்கமே வர விடவில்லை. ஆசாரி வேண்டாம் என்று சொல்லும், வண்ணத்தை இளக்கும் சூடான காற்றுத் துப்பாக்கியை யாராவது கொண்டுவந்தால் நீங்களும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிகச் சூட்டில் அந்த ஈயம் புகையாக எழும்.

சுரண்டி முடித்த நிலையில், மேல் சட்டத்தில் தாமரை இதழ்கள் வெளிவந்தன. நான் பிறந்து வளர்ந்த வீடு அது. அந்தத் தாமரையை அதுவரை பார்த்ததே இல்லை. எனாமல் குழம்பு இதழ்களின் இடுக்குகளில் நிறைந்து அதை வெறும் மேடாக மாற்றியிருந்தது. ஆசாரி பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழாகச் சுத்தம் செய்தார். தேக்குக்கு மறுபடியும் எனாமல் பூசுவதில்லை என்று முடிவு செய்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய கோட்டாக மூன்று முறை துணியில் தொட்டுத் தேய்த்தோம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். தண்ணீர் வாளியில் முக்கி வைத்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடப் போனோம்.

கதவின் பித்தளைக் குமிழ்களுக்கும் யாரோ ஒரு காலத்தில் எனாமல் பூசியிருந்தார்கள். பித்தளைக்குப் பெயர் போன ஊரில் பித்தளையை மறைத்து வைத்திருந்தோம். அம்மா புளியும் சாம்பலும் எடுத்துவந்து வாசலில் உட்கார்ந்து, குமிழ் குமிழாகத் தேய்த்தார். அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு வெளிச்சம். முகப்பு வேலையில் அவருக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆவணியில் பூச்சு வேலை தொடங்கியது. சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், எனக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால், அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். நீற்றுவது என்பது அதுதான். கண்ணில் தெறித்தால் பார்வை போகும், கிட்ட நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில், தண்ணீர் மூடியிருக்க, வாரக்கணக்கில் ஊறவைத்தால் வெண்ணெய் போலக் குழையும். அதைச் சுவரில் பூசிய பிறகு, அது காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மறுபடியும் கல்லாகிறது. கல்லில் புறப்பட்டுக் கல்லிலேயே வந்து சேர்கிறது. சுவரில் பூசியிருப்பது வண்ணம் அல்ல, மிக மெல்லிய கல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வெள்ளையை வேறு மரியாதையோடு பார்க்கிறேன்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். கூடவே செங்கல் பொடி கொஞ்சம். ஈரமான இடத்திலும் அது இறுக உதவும். செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல இழைப்பார்கள். எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை, வசதியும் இல்லை. பூசிய சுவரில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிட்டோம். அதே நிலையில், வண்ணம் இல்லாமல், ஐப்பசி கார்த்திகை மழையைக் காணவிட்டார் கொத்தனார். “மழை பார்த்துச் சொல்லட்டும்” என்றார். சொன்னது. ஓரிடத்தில் மட்டும், தூணுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் நின்றது. மேலே ஓர் ஓடு விரிசல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினோம். வண்ணம் அடித்த பிறகு அது தெரிந்திருந்தால்?

தை பிறந்து, பனி குறைந்த பிறகுதான் வண்ணத்தின் முறை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சித்திரை வெயில் ஏறாத தை, மாசி, பங்குனிதான் நம் ஊரில் வெளிச்சுவர் வேலைக்கு உகந்த காலம். நேரமும் முக்கியம். வெயில் நேராக விழும் சுவரில் அடித்தால், சுண்ணாம்பானாலும் எமல்ஷனானாலும், பிடிப்பதற்குள் வறண்டுவிடும். கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேல், மேற்குச் சுவரைக் காலையில், நிழலைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். எங்கள் முகப்பு கிழக்கு என்பதால் தினமும் இரண்டு மணிக்குத்தான் வாளியை எடுத்தோம்.

நிறம் தேர்ந்தெடுக்க அட்டையை நம்பவில்லை. விரலளவு அட்டையில் சாதுவாகத் தெரியும் நிறம், பதினெட்டடிச் சுவரில் கத்தும். நான்கு சாயல்களைச் சுவரிலேயே இரண்டடிச் சதுரங்களாகப் பூசி ஒரு வாரம் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு எதிரே சூரியன் விழும்போது எல்லாமே வெளுத்துத் தெரிந்தன. மதியம் கூரை நிழலில் ஒன்று சாம்பலாகிவிட்டது. மாலையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. திண்ணையின் சிவப்புத் தரையில் பட்டு எழும் ஒளி, சுவரின் கீழ்ப்பகுதியில் ரோஜா இதழ் நிறத்தைப் பூசியது. வெறும் வெள்ளையில்தான் அது தெரிந்தது. மற்ற மூன்று சாயல்களும் அதை விழுங்கிவிட்டன. அந்த மாலையில் முடிவு செய்தேன். சுவருக்கு வெள்ளை. துளி நீலம் மட்டும், வெண்மை எடுப்பதற்கு. கீழே சாரல் தெறிக்கும் இரண்டடிக்கு, சுண்ணாம்பிலேயே காவி கலந்த பட்டை. மரம் மரமாகவே இருக்கட்டும்.

இது பழமை மீதான மோகம் மட்டுமல்ல. காவியும் மஞ்சள் மண்ணும் இரும்பின் ஆக்சைடுகள். வெயில் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. சுண்ணாம்பின் காரமும் செய்யாது. கோயில் மதில்களின் காவிப் பட்டை இத்தனை வெயிலில் நிற்பது அதனால்தான். வெள்ளைக்குப் போடும் நீலமும் காரத்தைத் தாங்கும். இப்போது பரவியிருக்கும் கிளிப்பச்சை, ஊதா, ஆரஞ்சு வகைகளில் பல கரிம நிறமிகளால் ஆனவை. முதல் ஆண்டு கண்ணைப் பறிக்கும், மூன்றாம் ஆண்டு வெளிறிப்போகும். மேற்குச் சுவரில் இன்னும் சீக்கிரம்.

வெள்ளையடிப்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. ஊறவைத்த சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஊறிய பிசினை அதில் சேர்த்தார் கொத்தனார். சுவரை முதலில் தண்ணீரால் நனைத்தார். தாழை விழுதின் நுனியை நசுக்கிச் செய்த மட்டையால் ஒரு முறை மேலும் கீழுமாக, அடுத்த கோட்டில் இடமும் வலமுமாக இழுத்தார். ஈரத்தில் அது வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது, பின்னாலிருந்த பூச்சு அப்படியே தெரிந்தது. எனக்குச் சந்தேகம். “இன்னும் கெட்டியாகக் கரைக்கலாமே, அண்ணே?” என்று கேட்டேன். கெட்டியாக அடித்தால் பொருக்காக உதிரும் என்றார். ஒரு மணி நேரம் கழித்து ஓரத்திலிருந்து வெண்மை எழத் தொடங்கியது, பாலில் ஆடை படிவது போல. நாளுக்கு ஒரு கோட், ஐந்து நாள். ஐந்தாம் நாள் மாலை அந்தச் சுவர் உள்ளிருந்து ஒளி விடுவது போலிருந்தது. எமல்ஷன் வெள்ளையில் இந்த ஆழம் கிடையாது.

குறையும் உண்டு. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் ஒரு கோட் அடிக்க வேண்டும். பத்தாண்டு உழைக்கும் என்ற உறுதி எதையும் சுண்ணாம்பு தருவதில்லை. ஆனால் ஒரு நாள் வேலை, கொஞ்சம் பணம், ஒரு மட்டை போதும். சுரண்ட வேண்டியதில்லை. முந்தைய தலைமுறை போகிக்கு முன் இதைத்தான் செய்தது.

இதைப் படித்துவிட்டு உங்கள் காங்கிரீட் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஓடாதீர்கள். தஞ்சாவூரில் என் தங்கை கட்டிய வீடு செங்கல், சிமெண்டுப் பூச்சு. அதற்கு எமல்ஷன்தான் பொருத்தம். ஆனால் அங்கேயும் அவசரம்தான் முதல் எதிரி. சிமெண்டுப் பூச்சு புதிதாக இருக்கும்போது காரம் மிகுந்தது. தண்ணீர் தெளித்து நீராற்றி, நன்றாகக் காயவிட்டு, பூசியதிலிருந்து குறைந்தது 28 நாளாவது பொறுக்க வேண்டும். புகுவிழா தேதி நெருங்குகிறது என்று அவள் பூசிய பதினைந்தாம் நாளே வண்ணம் அடித்தாள். ஆறு மாதத்தில் திட்டுத் திட்டாக வெளுத்தது. மறுமுறை அடித்தபோது நானும் போயிருந்தேன். விரிசல்களை அப்படியே பட்டியால் மூடாமல் சற்றே அகலமாகக் கீறி அடைத்தோம். வெளிச்சுவருக்கு என்றே உள்ள பட்டியை, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பார்த்தோம். வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைத் தவிர்க்கவில்லை. அவள் வீட்டு முகப்பு முப்பதுக்கு இருபது அடி, ஜன்னல் கதவு கழித்தால் ஏறக்குறைய 480 சதுர அடி. லிட்டருக்கு இரண்டு கோட்டில் ஐம்பது அறுபது சதுர அடி என்று வைத்தால் பத்து லிட்டர் வாளி ஒன்று வேண்டும். ஆறு லிட்டரிலேயே முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், மிச்சத்தைத் தண்ணீர் செய்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் எவ்வளவு சேர்க்கலாம் என்று வாளியின் மேலேயே அச்சிட்டிருக்கும். பக்கத்தில் நின்று ஊற்றச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் வண்ணத்தை விட அதிகம் மாற்றியது வேறொன்று. முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கேபிள் வயர்களை ஒரே குழாயில் சேர்த்தோம். ஏசியின் வெளிப்பெட்டியைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினோம். எலிவேஷன் என்று ஒட்டியிருந்த பளபளப்பான பட்டைகளைக் கழற்றினோம். ஐந்து நிறமாக இருந்ததை இரண்டாகக் குறைத்தோம். வீடு மூச்சு விட்டது போலிருந்தது. முகப்புக்கு எதைச் சேர்க்கலாம் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சுண்ணாம்புதான் என்று முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை புதுச்சேரி போய்வந்தேன். அங்கே தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்திருக்கிறது. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். ஆனால் தெரு ஒன்றாக இருந்தது. ஏன் என்று நின்று பார்த்தேன். தெருவோரத் தாழ்வாரங்களின் உயரம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவென்றே மரத்தூண் நாட்டி இறக்கிய தாழ்வாரம், அதன் உட்புறம் திண்ணை, அதற்கப்பால்தான் வீடு. முன் பகுதியைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் குடியிருந்திருக்கிறார்கள். நம் ஊர்களில் திண்ணையை இடித்து இரும்புக் கம்பிக் கூண்டு போடும் ஒவ்வொரு வீட்டையும் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. காரணங்கள் புரிகின்றன, திருட்டு பயம், வண்டி நிறுத்த இடம். ஆனாலும் வலிக்கிறது. எந்த வண்ணத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. எங்கள் தெருவில் முகப்பு மாறியதைப் பற்றி யாரும் “நல்ல நிறம்” என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு அத்தை வந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். முதுகெல்லாம் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. தட்டிவிட்டுக்கொண்டு மறுநாளும் வந்தார்.

சென்ற ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான் ஊரில் இருந்தேன். கிழக்கிலிருந்து சாரல் அடித்து, காவிப் பட்டை கறுத்துப்போனது. வெள்ளைச் சுவரும் இடுப்புயரம் வரை சாம்பலாக நனைந்தது. அம்மா நிலைப்படியில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலை மழை விட்டு வெயில் வந்தது. ஒன்பது மணிக்குச் சுவரின் மேலிருந்து வெண்மை இறங்கத் தொடங்கியது. பதினோரு மணிக்கு ஜன்னல் மட்டம். சாப்பிட்டு எழுந்து வந்து பார்த்தபோது காவிப் பட்டையின் விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது. ஒரு கொப்புளம் இல்லை. அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கொத்தனார் வைத்தது போலவே.

இரண்டு வீடு தள்ளி இருப்பவர்கள் அன்று மாலை வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே டைல்ஸ், அதே கொப்புளம். 2028 மகாமகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே தொடங்கினால் அவசரமில்லாமல் முடிக்கலாம் என்றேன். கொத்தனார் சித்திரையில் அவர்கள் சுவரைக் கொத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கான சுண்ணாம்பை எங்கள் கொல்லைக் குழியில் நீற்றிப் போட்டாயிற்று. அது காயாமல் இருக்க வாரம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும். இந்தச் சனிக்கிழமை அதற்கும் சேர்த்துத்தான் ஊருக்குப் போகிறேன்.